காப்பு வாரத்துக் கேக்

ஜூலை 21, திங்கள்

வருகைப் பதிவில் கணக்கு டீச்சர் இன்றும் ஷீபாவின் பெயரை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். பதில் இல்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இரண்டு வாரமாக இதேதான். அந்த இடைவெளியில் நான் வாசலைப் பார்க்கிறேன். வேறு யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. திரிஷா பெஞ்சுக்கு அடியில் நகப்பூச்சு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

ஷீபாவின் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன ஜீப், கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் சாய்ந்துவிட்டது. அவருக்கு முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் எழுந்து நடக்கக் கூடாதாம். அப்பா எப்போதோ இறந்துவிட்டார். ஆகவே ஷீபா அம்மாவுக்குப் பதிலாக அதே வேலைக்குப் போகிறாள். கணக்கில் எங்கள் வகுப்பின் முதல் ஆள், ஏலப்பழம் பறிக்கப் போகிறாள்.

காலையில் நான் பல் துலக்கும்போது தோட்டத்து ஜீப் எங்கள் ஓடைப்பட்டித் தெரு முனையைக் கடக்கிறது. உள்ளே முகங்கள் தெரிவதில்லை. தலையில் கட்டிய துண்டுகள்தான் தெரியும். எது அவள் துண்டு என்று தேடுகிறேன்.

"மூணு மாசந்தான, வந்துருவா" என்கிறாள் அம்மா. போன வருடம் இப்படிப் போன ஒருத்தியாவது திரும்பி வந்தாளா?

ஜூலை 23, புதன்

யோசனை கிடைத்துவிட்டது!

உத்தமபாளையத்திலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் லத்திபா கேக் செய்வதில் கெட்டிக்காரி. ஓவன் இல்லாமல் குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, அதன்மேல் கிண்ணம் வைத்துச் சுடுவாள். அதை இணையத்தில் எல்லாருக்கும் நேரலையாகச் சொல்லிக்கொடுத்தால்? ஒரே நேரத்தில் எல்லாரும் அவரவர் வீட்டில் கேக் சுட வேண்டும். சேருபவர்கள் இயன்றதைக் கட்ட வேண்டும். வருகிற தொகையில் ஷீபா வீடு அந்த மூன்று மாதத்தைத் தாண்டிவிட வேண்டும். அவள் மறுநாளே பள்ளிக்கு வந்துவிடலாம்.

லத்திபா உடனே சரி என்றாள். நாளும் நானே குறித்தேன். ஆகஸ்ட் 10, ஞாயிறு. பன்னிரண்டாம் தேதி எங்கள் ஊர் அம்மன் திருவிழா. திருப்பூரிலும் சென்னையிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாம் ஊர் நினைப்பில் இருக்கும் நேரம், அள்ளிக் கொடுப்பார்கள். இதை யோசித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

அறிவிப்பை நானே எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். "மலையில் ஏலக்காய் பறிக்கும் ஓர் ஏழைத் தோழியை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து வருவோம்." பெயர் போடவில்லை. கண்ணியம் முக்கியம் இல்லையா?

ஊர் குழு, பள்ளிக் குழு, அப்பாவின் திராட்சை விவசாயிகள் குழு, எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் நான் நினைத்ததைவிட நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஷார்ஜாவில் இருக்கும் ஓர் அக்கா கைகூப்பும் படம் அனுப்பியிருக்கிறார். சந்தோஷத்தில் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஷீபா தெரு முனையில் நின்றிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. நான் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

"ஏழைத் தோழியா? யாருடி அது?"

பேர் போடலையே என்றேன்.

"ஊருக்குள்ள மெட்டுக்குப் போற பதினோராங்கிளாசு எத்தன பேரு இருக்காக? ஜீப்புல ஏறுனதும் டிரைவர் அண்ணன் அத வாசிச்சுக் காட்டுறாரு. எல்லாரும் என்னையப் பாக்குறாக. ஒரு கெழவி கன்னத்தத் தடவுது. உன்னைய நான் கேட்டனா?"

"உனக்காகத்தான் ஷீபா..."

"எனக்காக நீ ஒண்ணும் புடுங்க வேணாம். எங்க அம்மா ஒடஞ்சு கெடக்குறத வச்சு நீ நல்ல பேரு வாங்காத."

போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை இல்லை. கோபம். இவ்வளவு செய்கிறேன், ஒரு வார்த்தை... நன்றி கெட்டவ. ஆமாம், எழுதத்தான் செய்வேன். நன்றி கெட்டவ, திமிரு பிடிச்சவ.

ஜூலை 29, செவ்வாய்

நிறுத்த மாட்டேன். அவளுக்காக இல்லாவிட்டால் கணக்குப் பாடத்துக்காக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று கோவிலில் காப்புக் கட்டினார்கள். அம்மா முளைப்பாரிக்குப் பயறு ஊன்றி, இருட்டறையில் வைத்து மூடினாள். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். அப்பாவின் அண்ணன் மனைவி. கிணற்றுத் தண்ணீர் முறை தகராறுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. தெருவில் நின்றபடியே பேசுவார், அதனால் தெருவுக்கே கேட்கும்.

"ஏண்டி மகாலட்சுமி, ஒம் மக ஞாயித்துக்கெழம முட்டைய ஒடச்சு ஊத்தி ஊரு பூராம் கேக்கு சுடப் போறாளாமே. காப்புக் கட்டுனது ஒங்க வீட்டுக்குத் தெரியாதா, இல்ல நீங்க இந்த ஊரு இல்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருவிழாத் தேதிதான் என் தலையில் இருந்தது. அதற்கு முந்தின காப்பு வாரம் இல்லை. இந்த ஏழு நாளும் கறி இல்லை, முட்டை இல்லை, வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மன் உடம்பு சூடாக இருக்கும் நேரம், ஊருக்குள் எண்ணெய்ப் புகையும் வறுத்த வாசமும் எழும்பக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எப்படி மறந்தேன்?

"பெரியம்மா, தெரியாம..."

"தெரியாமயா! அம்புட்டுப் புத்தகம் படிக்கிறவளுக்குக் காப்பு தெரியாதாம். இங்க பாரு, முளைப்பாரி ஒண்ணு வாடட்டும், அது ஒன்னாலதான்."

இருட்டுவதற்குள் விழாக்குழுச் சின்னச்சாமி வந்துவிட்டார். அப்பாவிடம், நின்றபடி. "சுருளி, பிள்ளைய நிறுத்தச் சொல்லு. மீறிச் சுட்டா ஒங்க வீட்டு முளைப்பாரிய ஊர்வலத்துல சேக்க மாட்டோம். அம்புட்டுத்தான்."

அம்மா இருட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

லத்திபா விலகிவிட்டாள். "அத்தா சொல்லிட்டாகடி. உங்க ஊரு சாமி விஷயம், நாம உள்ள போனா வேற மாதிரி ஆயிரும்னாக. கோவிச்சுக்காத." அவள்மேல் கோபிக்கவும் முடியவில்லை. அவள் அப்பா சொன்னது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

குழுவில் திரிஷாவின் அம்மா எழுதியிருக்கிறார்: "சின்னப் பிள்ளைகளிடம் பணம் கொடுத்தால் இப்படித்தான்." கீழே இருபது கட்டைவிரல். நாளைத் தள்ளிப் போடுகிறேன் என்று எழுதினேன். அதற்கு, "அப்போ எங்க காசைத் திருப்பு." விழா முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஷீபாவுக்கு அதற்குள் தோட்டம் பழகிவிடும். ஞாயிறு இல்லை என்றால் இது இல்லவே இல்லை.

அம்மா தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "காப்புன்னா என்னன்னு ஒரு புத்தகத்துலயும் போடலையாக்கும்." இரண்டு இட்லி. தாளிக்காத தேங்காய்த் துவையல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றும் இட்லி. ராத்திரி கொழுக்கட்டையாம். நேற்று புட்டு. இதைச் சலிப்போடு எழுத வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டேன்.

இட்லி, கொழுக்கட்டை, புட்டு. காப்பு வாரத்தில் ஊரே இதைத்தான் சாப்பிடுகிறது. அவித்தது ஆகும்! உப்பைப் போட்டுக் காயவைத்தால்தான் சுடுவது. அடியில் உப்புக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால்?

அம்மாவிடம் கேட்டேன். "அவிக்கிறதுல என்ன இருக்கு" என்றாள், பிடிகொடுக்காமல். முட்டைக்குப் பதில் தயிர், சமையல் சோடா. இட்லிக் கொப்பரையில் வைத்தேன். மூடியைத் திறந்தால் மேலே குளம் கட்டி நிற்கிறது. கரண்டியில் எடுத்தால் வழிகிறது. அப்பா தின்றுபார்த்து, "பசைக்கு ஆகும்" என்றார்.

மூன்று முறை செய்தேன். மூன்றும் பசை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஷீபா வீட்டுக்குப் போனேன். போன கிறிஸ்துமஸுக்கு அவள் வகுப்புக்குக் கொண்டுவந்த கேக் மெத்தென்று இருந்தது. அவள் வீட்டில் ஓவனும் இல்லை, குக்கரும் இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது நேற்று ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

காலனிக்குள் நான் இதற்குமுன் போனதில்லை. எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் போனதில்லை. அவள் அம்மா கட்டிலில் படுத்தபடியே "வா ஆத்தா" என்றார். ஷீபா என்னைப் பார்த்தும் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

டப்பாவைத் திறந்து என் பசையைக் காட்டினேன்.

"இதென்ன களியா?"

"கேக். அவிச்சது."

"மூடியில துணி கட்டலையா?"

"துணியா?"

"ஆவி மூடியில பட்டு மாவு மேல சொட்டும். லூசு. இட்லித் தட்டுல துணி போடுறாகள்ல, இதுக்கு நீ மூடியில கட்டணும்." அவளுக்கே தன்மேல் கோபம் வந்ததுபோல் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டேன். உதவி என்ற சொல் வாய்வரை வந்தது. நல்லவேளை, வரவில்லை.

கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு: "அந்த ஏழ, தோழி ரெண்டையும் எடு. சொல்லித் தர்றது ஷீபான்னு என் பேரப் போடு. நான் சொல்லித் தர்றேன், அவுக அதுக்குக் கூலி குடுக்குறாக. நீ குடுக்கல. புரியுதா?"

"புரியுது."

"உங்க வீட்டு அடுப்படிக்கு நான் வர மாட்டேன். உங்க பெரியம்மா வாசல்ல நின்னு கழுவி ஊத்தும். இங்கன நடக்கட்டும். லேப்டாப்ப நீ தூக்கிட்டு வா."

எங்க தோட்டத்துத் திராட்சை கொண்டுவரட்டுமா என்றேன்.

"வேணாம். ஏலக்கா போதும். தோட்டத்துல எடுத்ததுன்னு நெனைக்காத, கடையில வாங்குனது. அதையும் அறிவிப்புல எழுதிக்க."

அவள் அம்மா கட்டிலிலிருந்து, "அவ அப்பிடித்தான், நீ மனசுல வச்சுக்காத" என்றார். "நான் எப்பிடி?" என்று ஷீபா அவர்மேலும் பாய்ந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

புதிய அறிவிப்பு போட்டேன். முட்டை கிடையாது, தண்ணீரில் அவிப்பது, சொல்லித்தருபவர் ஷீபா. பாதிப் பேர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகிவிட்டார்கள். சின்னச்சாமி தொலைபேசியில் அப்பாவிடம், "அவிக்கிறதுன்னா அவிக்கட்டும். எண்ண வாடை வந்துச்சு, அப்புறம் பேசிக்கிறேன்" என்றார். அவர் "சரி" என்று சொல்லமாட்டார். சரி என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றுவிடாமல்.

லேப்டாப்பை ஷீபா வீட்டு அரிசி டின் மேல் வைத்தேன். கட்டங்கட்டமாக முகங்கள். எல்லாருடைய ஒலியையும் அணைத்து வைக்க மறந்துவிட்டேன், அதுதான் நான் செய்த முதல் வேலை. எடுத்ததுமே சண்டை.

ஷார்ஜா அக்கா: "ஊர்ல காப்புக் கட்டியிருக்காகளே, இங்கன அடுப்பு பத்த வைக்கலாமா?"

திருப்பூர்க்காரர் ஒருவர்: "அங்கன பாலைவனத்துல ஒங்களுக்கு எதுக்குக் காப்பு?"

"எங்க இருந்தா என்ன, நான் அந்த ஊர்ப் பொண்ணு இல்லையா? வாயப் பாரு ஆளுக்கு!"

நடுவில் "மதன்குமார்" என்ற பெயரில் ஒரு கட்டம். மதன் அண்ணன் பெரியம்மா மகன், கோயம்புத்தூரில் வேலை. ஆனால் அந்தக் கட்டத்தில் தெரிந்தது ஒரு நெற்றி, பெரிய குங்குமப் பொட்டு, மேலே சுற்றும் காற்றாடி. பெரியம்மா!

"கொப்பரையக் காட்டு" என்றது நெற்றி. "உப்பா, தண்ணியா?"

ஷீபா கொப்பரையைச் சாய்த்துக் கேமராவிடம் கொண்டுவந்தாள். கொஞ்சம் தண்ணீர் என் லேப்டாப்பில் தெளித்தது. "தண்ணி. நல்லாப் பாத்துக்கங்க."

"கிண்ணத்துல எண்ண தடவுவியே!"

"வாழெல போடுறேன்."

"இம்."

பிறகு ஷீபா ஆரம்பித்தாள். வகுப்பில் கரும்பலகைக்குப் போய்க் கணக்குப் போடுவாளே, அதே மாதிரி. ஒரு சொல் கூடுதல் இல்லை. மைதாவைச் சலிக்கச் சொன்னாள். தயிரில் சோடா போட்டுப் பொங்கவிடச் சொன்னாள். சிரிக்கவே இல்லை. "அந்தப் பச்சச் சேல அக்கா, கட்டி தட்டுது, கலக்குங்க. நீங்க இல்ல, பக்கத்துல." ஏலக்காயை உரலில் இடித்தபோது அந்தக் கறைபடிந்த விரல்கள் திரை முழுக்கத் தெரிந்தன. அவள் மறைக்கவில்லை.

மாவை ஊற்றும் நேரத்தில் திரிஷாவின் அம்மா குரல்: "இது எந்தத் தெரு? சுவரப் பாத்தா... காலனியா?"

இரண்டு கட்டங்கள் அணைந்தன. எனக்குக் காது சுட்டது. என்ன சொல்லலாம் என்று தேடினேன். படித்த புத்தகங்களிலிருந்து நல்ல நல்ல வாக்கியங்களாக வருகிறது, ஒன்றும் வாயைவிட்டு வரவில்லை. கட்டிலில் அவள் அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷீபா கிண்ணத்தைக் கொப்பரைக்குள் இறக்கினாள். "ஆமா, காலனி" என்றாள். "மூடிய இறுக்குங்க."

அப்போது நெற்றி கத்தியது: "எவ அவ ஊடால? தண்ணி எவ்வளவுன்னு அந்தப் பிள்ள சொன்னது எனக்குக் கேக்கல! கேக்கப் பாக்க வந்தியா, சுவத்தப் பாக்க வந்தியா? ஏ பிள்ள, திரும்பச் சொல்லு!"

பெரியம்மா யாருக்காகவும் பரிந்து பேசவில்லை, எனக்குத் தெரியும். தண்ணீர் அளவு கேட்கவில்லை, அதுதான் கோபம். ஆனாலும் திரிஷாவின் அம்மா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஷீபா திரும்பச் சொன்னாள். "கிண்ணத்தோட அடி நனையக் கூடாது. மூடியில துணிய நாலு மூலையும் மேல வந்த மாதிரிக் கட்டுங்க, தொங்குச்சுன்னா தீப்புடிக்கும்."

வெந்து திறந்தபோது ஏலக்காய் வாசம். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. ஷார்ஜாவில் வந்தது, திருப்பூரில் வந்தது, சென்னையில் ஒருவருக்கு மட்டும் பசை. "துணி கட்டுனீகளா?" "அது... இல்ல." "அப்பத் தின்னுங்க."

முடிந்ததும் நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். "எடுத்துட்டுக் கெளம்பு. நான் துணி தொவைக்கணும்."

வந்த கூலி முழுவதையும் அவள் அம்மா பேருக்கு அனுப்பிவிட்டேன். மூன்று மாதத்துக்குக் காணாது. இரண்டுக்குக் காணும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரியம்மா வீட்டு அடுப்பில் கொப்பரை. மூடியில் துணி, நாலு மூலையும் மேலே. எட்டிப்பார்த்தேன். "இட்லிடி, போ" என்று கதவைச் சாத்தினார். தெருவெல்லாம் ஏலக்காய் வாசம்.

ஆகஸ்ட் 13, புதன்

முளைப்பாரி ஊர்வலம் முடிந்தது. அம்மாவுடையது ஒரு முழம் வளர்ந்திருந்தது. சின்னச்சாமி பார்த்தும் பார்க்காததுபோல வழிவிட்டார். பெரியம்மா என் காதருகே வந்து, "நல்லாத்தான் வந்துருக்கு. ஒன்னால இல்ல" என்றார்.

ஜீப் இன்றும் போனது. ஷீபா வருவாளா என்று கேட்க எனக்கு வாயில்லை. என்னிடம் அவள் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லையே.

ஆகஸ்ட் 18, திங்கள்

பல் துலக்கும்போது ஜீப் போனது. துண்டுகளைத் தேடினேன். என்ன கண்டுபிடிக்க முடியும்?

முதல் மணி. கணக்கு டீச்சர் வாசித்துக்கொண்டே வந்தார். "நாகஜோதி." உள்ளேன் டீச்சர். எனக்கு அடுத்து நாலைந்து பெயர்கள். நான் மேசையில் பார்வையைப் பதித்துக்கொண்டேன்.

"ஷீபா."

டீச்சர் இப்போதெல்லாம் நிறுத்துவதுகூட இல்லை, அடுத்த பெயரில் பாதி வாசித்துவிட்டார். வாசற்பக்கமிருந்து, "உள்ளேன் டீச்சர்."

என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய், பின்னால் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன்போல.

"என்னத்தப் பாக்குற?" என்றாள். "முன்னாடி பாரு."

பார்த்தேன். கரும்பலகையில் டீச்சர் கணக்கை எழுதிவிட்டு, யார் போடுகிறீர்கள் என்று கேட்பதற்குள், எனக்குப் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.